அப்டேட்டுக்கு நாள் குறித்தல்: விண்டோஸ் 11, ஒரு டி.டி.பி. கடையின் அனுபவம்

திருவல்லிக்கேணியில் பாரதி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினாறு வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, பில் புக், விசிட்டிங் கார்டு, அப்புறம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்தக் கடைசி வேலைதான் என்னை இதை எழுத வைத்தது. துக்க வீட்டிலிருந்து இரவு பதினொரு மணிக்கு ஆள் வருவார். போனில் ஒரு பழைய படம் இருக்கும், நோட்டுத் தாளில் மகன், மகள், பேரன் பேத்தி பெயர்கள் இருக்கும். விடிவதற்குள் போஸ்டர் சுவரில் ஏறியாக வேண்டும். அழுது வீங்கிய கண்ணோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, 'கொஞ்சம் இருங்க, கம்ப்யூட்டர் அப்டேட் ஆகுது' என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதனால் 2024 ஜனவரியில் புதுக் கணினி வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது, கடைக்காரர் ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, நான் ஒன்றுதான் கேட்டேன். "அண்ணா, இதுல அப்டேட் எப்ப ஏறணும்னு நான் முடிவு பண்ண முடியுமா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹோம்ல பாதி முடியும்மா, புரோல முக்கால்வாசி முடியும்" என்றார். ஹோம் என்பது விண்டோஸின் சாதாரண வீட்டுப் பதிப்பு, புரோ என்பது கூடுதல் வசதிகளோடு வரும் பதிப்பு. இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன், அவர் சொன்ன கணக்கு மிகச் சரி.

இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு நான் வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 2019-ல் கடையில் டாங்கிள் இணையம்தான். தினம் 2 ஜிபி. மதியத்துக்குள் விண்டோஸ் 10 அப்டேட் அதைக் குடித்துவிட்டால், பிரஸ்ஸுக்கு பி.டி.எஃப். அனுப்ப வழியில்லாமல் போகும். அப்போது சர்வீஸுக்கு வந்த ஒருவரிடம் (கடைப் பெயர் வேண்டாம்) இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்றேன். அவர் ஒரு பென் டிரைவிலிருந்து ஏதோ ஒரு டூலை ஓட்டினார். அப்டேட் சர்வீஸை மொத்தமாக முடக்கினார். கையோடு விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டரையும் அணைத்தார். "இனிமே ஜென்மத்துக்கும் தொல்லை இல்லம்மா, ஸ்பீடும் கூடும்" என்றார். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். உண்மையிலேயே தொல்லை இல்லை. மூன்று வருடம் ஒரு அப்டேட்கூட வரவில்லை.

2022 வைகாசியில் ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவ் வழியாக வைரஸ் ஏறியது. டி.டி.பி. கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வகைதான். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும், உள்ளே இருப்பது மறைந்துவிடும். முகூர்த்த சீசன். ஒன்பது பத்திரிகைகள் புரூஃபில் இருந்தன. என் பென் டிரைவ் போய் ராயப்பேட்டையில் உள்ள பிரஸ் கணினியிலும் அது ஏறிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஃபைல்கள் இரண்டு நாளில் திரும்பக் கிடைத்தன. ஆனால் அந்த பிரஸ்காரர், "உங்க டிரைவ முதல்ல ஸ்கேன் பண்ணிடலாம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது ஒரு வருடம் வரை நிற்கவில்லை.

கணினியைச் சரி செய்தது என் நாத்தனார் மகன். சிறுசேரியில் ஐ.டி. வேலை. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அத்தை, அவர் பூட்டைச் சரி பண்ணல, கதவையே கழட்டிட்டுப் போயிட்டார்" என்றான். டிஃபென்டருக்கு வேண்டிய வைரஸ் பட்டியலும் அதே அப்டேட் வழியாகத்தான் வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2017-ல் உலகத்தையே ஆட்டிய வான்னாகிரை என்ற வைரஸ் பற்றியும் அவன்தான் விளக்கினான். மே 12 அன்று அது பரவத் தொடங்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இடையில் இரண்டு மாதம். அதை ஏற்றிய கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. "டாங்கிள்ல டேட்டா போகுதுன்னா அதுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கு அத்தை. யாரும் உங்களுக்குச் சொல்லல." அந்த ஸ்விட்சில் ஆரம்பித்து, இப்போது எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த ஸ்விட்ச். பெயர் மீட்டர்டு கனெக்‌ஷன். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபை அல்லது ஈத்தர்நெட்டைத் திறந்தால் இருக்கும். அதை ஆன் செய்தால், இந்த இணையத்துக்கு அளவு உண்டு என்று விண்டோஸ் புரிந்துகொண்டு பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே போதும். ஆனால் நிரந்தரமாக ஆனில் வைக்காதீர்கள். டிஃபென்டரின் தினசரிப் பட்டியலும் இதனால் தங்கிவிடலாம். இப்போது கடையில் ஃபைபர் இருப்பதால் எனக்கு இது தேவைப்படுவதில்லை. ஃபைபர் அறுந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும் நாட்களில் மட்டும் போடுகிறேன்.

அடுத்தது ஆக்டிவ் அவர்ஸ். நான் வேலை செய்யும் நேரம் இது, இதில் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்று சொல்லும் இடம். அலுவலகத்தில் ஒன்பது முதல் ஆறு வரை உட்காருபவர்களுக்கு அருமையான வசதி. அதிகபட்சம் 18 மணி நேரம்தான் கொடுக்க முடியும். நான் காலை 8 முதல் இரவு 2 வரை வைத்தேன். மீதி ஆறு மணி நேரம் அதன் கையில். கண்ணீர் அஞ்சலி வேலை சில நாள் மூன்று, மூன்றரை வரை போகும். அதனால் இதை மட்டும் நம்பி நான் இருக்க முடியாது. ஆட்டோ டிரைவர், நர்ஸ், பத்திரிகைக்காரர் என்று ராத்திரியில் வேலை செய்கிற வீடுகளில் இந்த 18 மணி நேரம் போதாது என்றே நினைக்கிறேன். அங்கிருக்கும் 'ஆட்டோமேட்டிக்' என்பதை 'மேனுவல்' என்று மாற்றி நீங்களே நேரத்தைப் போடுங்கள். அதே பக்கத்தில் 'கெட் மீ அப் டு டேட்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து நல்லது என்று நினைத்து ஆன் செய்துவிடாதீர்கள். அது ஆனில் இருந்தால் ஆக்டிவ் அவர்ஸுக்குள்ளேயே ரீஸ்டார்ட் ஆகலாம்.

மூன்றாவது, பாஸ் அப்டேட்ஸ், அதாவது அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான ஆயுதம். ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது ஹோம்காரர்களுக்கு இது கிடையாது. 2019 மே பதிப்பில்தான் கொடுத்தார்கள். இப்போது ஒரு கிளிக்கில் இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் டிஃபென்டர் பட்டியல் வந்துகொண்டிருக்கும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஐந்து வாரம் முடிந்ததும் காத்திருந்ததை எல்லாம் ஏற்றிய பிறகுதான் மறுபடி நிறுத்த விடும். ஆகவே பாஸ் போடுகிற அன்றே, அது எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் எழுதிவிட வேண்டும். முடிகிற நாள் வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தில் விழுந்தால், நாம் முன்கூட்டியே ஒரு ஞாயிறு பார்த்து ஏற்றிவிடுவது நல்லது.

இதற்கு மாதக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு பேட்ச் வெளியிடுகிறது. அவர்களுக்குக் காலை 10 மணி. நமக்கு அது இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. ஆகவே சென்னையில் கடை திறக்கும் புதன்கிழமை காலையில்தான் நம் தலையில் வந்து நிற்கும். மாதக் கடைசியில் இன்னொன்று வரும், அது முன்னோட்டம். 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவைலபிள்' என்ற ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் அது தானாக ஏறாது. ஆஃபிலேயே விடுங்கள். வேலை செய்யும் கணினி பரிசோதனைக்கூடம் கிடையாது.

இனி புரோ பதிப்பு. நான் வாங்கிய கணினியில் ஹோம்தான் இருந்தது. மூன்று மாதம் அதிலேயே ஓட்டிவிட்டுப் புரோவுக்கு மாறினேன். காசு கொடுத்ததற்கு ஒரே காரணம் குரூப் பாலிசி எடிட்டர், விண்டோஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விதி போடும் இடம். ஸ்டார்ட்டில் 'ஜிபிஎடிட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் திறக்கும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று படி இறங்கிப் போக வேண்டும். முதல் தடவை பயமாகத்தான் இருக்கும். நான் தொட்டது மூன்றே மூன்று.

'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்பதை எனேபிள் செய்து 3-ஐத் தேர்ந்தெடுத்தேன். அதாவது, இறக்கி வைத்துக்கொள், ஏற்றுவதற்கு என்னைக் கேள். இது ஒன்று வந்த பிறகு கடையில் என் மனநிலையே மாறிவிட்டது. அடுத்தது, மாதப் பேட்சை ஏழு நாள் தள்ளிப் போட்டேன். முப்பது நாள் வரை தள்ளலாம். ஏழு போதும் என்பது என் எண்ணம். ஒரு பேட்சில் பெரிய கோளாறு இருந்தால் அந்த ஏழு நாளில் உலகம் முழுக்கச் சத்தம் கேட்டுவிடும். ஆக, மூன்றாவது செவ்வாய்க்குப் பிறகு எனக்கு வருகிறது. அடுத்த ஞாயிறு காலை நான் ஏற்றுகிறேன். மூன்றாவது, எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்பதையே எழுதிக் கொடுக்கலாம். நான் '23எச்2' என்று எழுதினேன், அதாவது 2023-ன் இரண்டாம் பாதியில் வந்த விண்டோஸ் 11. 24எச்2 2024 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த வருடம் ஹோம், புரோ கணினிகளுக்குத் தானாகவே போகத் தொடங்கியது. என் கணினி மட்டும் சொன்ன இடத்தில் நின்றது.

இதைச் செய்ததும் செட்டிங்ஸில் ஒரு வரி தோன்றும். சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று. கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, யாரோ நம்ம சிஸ்டத்த பிடிச்சிட்டாங்க" என்று பதறிவிட்டாள். அந்த நிறுவனம் நாம்தான்.

வருடாந்திரப் பெரிய அப்டேட்டுக்கு நான் நாள் பார்த்தே செய்கிறேன். எங்கள் தொழிலில் எது சும்மா இருக்கும் மாதம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் தைக் கல்யாணத்துக்கான பத்திரிகை எல்லாம் மார்கழியில்தான் அடிப்போம். கார்த்திகையில் காலண்டர், டைரி, சபாக்களின் நிகழ்ச்சி நிரல். புரட்டாசியிலும் அப்படித்தான், ஐப்பசி வேலை வந்துவிடும். நிஜமாகவே கை ஓயும் நாள் ஆடியின் முதல் பாதி மட்டுமே. பாதி ஆடி தாண்டினால் ஆவணிப் பத்திரிகை வரத் தொடங்கிவிடும். ஆகவே 2025 ஜூலை 20, ஆடியின் முதல் ஞாயிறு, 24எச்2-வை ஏற்றினேன். சனிக்கிழமை இரவே எல்லா ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தேன். காலை ஏழரைக்கு ஆரம்பித்தது. தெருமுனை அம்மன் கோயிலில் மைக் செட் போட்டு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தூக்கில் வாங்கிவந்து குடித்து முடித்து, வீட்டு வேலை பார்த்துவிட்டு வருவதற்குள், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அதன்பிறகு என் சோதனை. பழைய பேஜ்மேக்கர் 7 திறக்கிறதா? 2001-ல் வந்த மென்பொருள், ஆனால் எங்கள் தெருவில் இன்னும் பாதிப் பேர் அதில்தான் மேட்டர் அடிக்கிறோம். தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரு பத்தி. ஒரு பழைய பத்திரிகையை லேசர் பிரிண்டரில் ஒரு தாள். ஸ்கேனர். நான்கும் சரியாக இருந்தால் திங்கட்கிழமை கடை திறக்கும். ஏதாவது கெட்டால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி ரெகவரி பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. செப்டம்பர் 30-ல் வந்த 25எச்2 இன்னும் லேசானது. 24எச்2-வின் மேலேயே சில வசதிகளைத் திறந்துவிடும் சின்னப் பொட்டலம் போன்றது. அதற்கு ஆடி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு ஞாயிறு போதுமானதாக இருந்தது.

தள்ளிப்போடுவதே சரியா என்று கேட்டால், எப்போதும் சரி என்று சொல்லமாட்டேன். 2021 ஜூலையில், பிரிண்ட் வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எங்களைப் போலப் பிரிண்டரை நம்பிப் பிழைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். வழக்கமான செவ்வாய்க்குக் காத்திருக்காமல் அவசரப் பேட்ச் விட்டார்கள். அதே பேட்சால் சில லேபிள் பிரிண்டர்கள் வேலை செய்யாமல் போயின. இரண்டும் உண்மை. அதேபோல 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களை அழித்துவிட்டது என்று புகார் வந்து, சில நாளில் நிறுத்திவைத்து, நவம்பரில் மறுபடி விட்டார்கள். ஆகவே அவசரப் பேட்ச் என்று செய்தி வந்தால் ஏழு நாள் பார்க்காமல் அன்று இரவே ஏற்றுகிறேன், பெரிய பதிப்பை மட்டும் மாதக்கணக்கில் ஆற வைக்கிறேன்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்நிறுத்தம் என்று முந்தின நாள் பேப்பரில் ஏரியா வாரியாகப் போடுவார்கள். அதைப் பார்க்காமல் நான் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பெரிய அப்டேட்டே கிடையாது. என் யு.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கும். மாதப் பேட்சுக்கு அது போதுமாக இருக்கிறது. இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் புதுக் கணினிகளில் இப்போது டிஸ்க் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. சில சமயம் அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். கணக்குக்குள் போய் அந்த எண்ணை முன்னாடியே எடுத்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். நான் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே காரியத்துக்கான ஸ்விட்சுகள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. மீட்டர்டு நெட்வொர்க் பக்கத்தில், ஆக்டிவ் அவர்ஸ் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், மீதி குரூப் பாலிசியில். எப்போது ஏற வேண்டும் என்று கேட்கும் உரிமை ஹோம் வாங்கியவர்களுக்கும் உண்டு. 'கேட்டுவிட்டு ஏற்று' என்ற ஒரே ஒரு ஸ்விட்சையாவது ஹோமில் வைத்திருக்க வேண்டும். அது இருந்திருந்தால் 2019-ல் யாரும் என் கணினியில் டூல் ஓட்டியிருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அந்த மாதிரி டூல்களுக்கு எதிராக, முடக்கிய அப்டேட் சர்வீஸைத் திரும்ப எழுப்ப மெடிக் சர்வீஸ் என்று ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். மக்கள் ஏன் முடக்கப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் அந்தச் சண்டையே வேண்டியதில்லை.

நாத்தனார் மகன் விண்டோஸுக்குப் பதிலாக வைத்திருக்கும் உபுண்டுவில் பாதுகாப்பு பேட்சுகள் தானாக ஏறும். ரீஸ்டார்ட் எப்போது என்பதை அவன்தான் முடிவு செய்கிறான். பேஜ்மேக்கரும் என் ஃபான்ட்டுகளும் அங்கே இருந்தால் நானும் யோசிப்பேன்.

ஆகவே என் தீர்ப்பு: கடை வைத்திருப்பவர்கள், இரவு வேலை செய்பவர்கள் புரோவுக்குக் காசு கொடுக்கலாம். வீட்டில் பிள்ளைகள் படிக்கவும் படம் பார்க்கவும் என்றால் ஹோமே போதும், பாஸும் ஆக்டிவ் அவர்ஸும் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பேட்ச் நின்றுவிட்டது. கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சேராமல் ஓட்டுபவர்கள் என் 2022 வைகாசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி போன மாதம் என்னிடம் வந்து, அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தித் தரச் சொன்னான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவன் ஹோம் பதிப்பில் மேலே சொன்னதை எல்லாம் போட்டுக் கொடுத்தேன். நேற்று மதியம் கடையில் கூட்டம் நிற்கும்போது போன் செய்தான். "அக்கா, ரீஸ்டார்ட் கேக்குது, என்ன பண்ணட்டும்?" "கேக்கட்டும்பா. ஆக்டிவ் அவர்ஸ் இருக்கு, அதுவா பண்ணாது. கடை மூடுறப்ப நீயே ரீஸ்டார்ட் குடு. இப்ப ஜெராக்ஸ் போடு."